மேனேஜர் சைக்கிளுக்குப் போட்ட நல்லெண்ணெய்

ஓடுகிற எதற்கும் எண்ணெய், நிற்கிற எதற்கும் சந்தனம். முப்பத்தைந்து வயது வரை நான் நம்பிய இயந்திரவியல் இவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூக்குக்குச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஃபிட்டர் 'மோப்பம்'. எந்த இயந்திரத்தையும் முகர்ந்து பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். காண்டீன் வாசலில் நின்றபடியே, "இது நேத்து சாம்பாரு, நாலு தக்காளி போட்டு ஏமாத்துறான்" என்பார். சமையல்காரர் அவரைக் கண்டாலே மூடி போட்டுவிடுவார்.

மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் அது. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போன மேனேஜர், தன் மலையேறும் சைக்கிளை ஸ்டோர்ஸில், அதாவது என்னிடம், விட்டுப் போனார். அதில் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவே ஒரு இரும்புத் தட்டு; அதை இரண்டு சின்னப் பட்டைகள் இறுகக் கவ்வினால்தான் வண்டி நிற்கும்.

லேத்துக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தவன், மேனேஜர் வண்டியை விடலாமா? இரண்டு தட்டையும் நல்லெண்ணெயால் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். பாலத்து இறக்கத்தில் பிரேக் கழுதை போலக் கத்தியது, வண்டி நிற்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை முந்திப்போய் இளநீர்க் குவியலில் இறங்கினேன்.

"யோவ், வண்டி ஓட்ட வந்தியா, காய் பொறுக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

எனக்குக் காயை விடக் கடிதம்தான் கண்ணில் நின்றது. என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம், மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் மறுநாள் காலை வருகிறார். ஆந்திராவுக்கு ஓடிவிடலாமா என்று எல்லையிலுள்ள ஆரம்பாக்கம் வரை மனத்துக்குள் போய்வந்தேன்.

வண்டியை மோப்பத்திடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பட்டையைக் கழற்றி மூக்கில் வைத்தார்.

"இன்னா ஸ்டோர்ஸு, நல்லெண்ணெய்! செக்கு எண்ணெய் வேற!"

"அண்ணா, காப்பாத்துங்கண்ணா."

தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தார். பட்டையை உப்புத்தாளில் தேய்த்தார், அடுப்பில் வாட்டினார். மாட்டிப் பார்த்தால் அதே கழுதை.

"ஊறிப்பூட்ச்சு. இது இனிமே பட்டை இல்ல, பஜ்ஜி. புதுசுதான் போடணும்."

"புதுசு இங்க எங்கண்ணா கிடைக்கும்? என் வேலை போச்சு!"

"சும்மா பேஜார் பண்ணாத. போய் நாஷ்டா துன்னு."

காலையில் மேனேஜர் வந்து பிரேக்கை அழுத்தினார். கழுதை கத்தியது. இரவெல்லாம் உருப்போட்ட மூன்று பொய்களும் என் தொண்டையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்க, மோப்பம் முன்னே வந்தார்.

"நான்தான் சார் எண்ணெய் போட்டேன். பூஜைன்னு."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீட்டுக்குக் கீழிருந்த சின்னப் பையைத் திறந்து, புதுப் பட்டைகளை எடுத்து, பத்து நிமிடத்தில் தானே மாட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு நாள் கட்டியழுத வண்டியிலேயே மருந்தும் இருந்திருக்கிறது!

"ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"நான் பர்மனென்டுடா. என்னை இன்னா பண்ணிடுவாரு?"

மேனேஜர் அவரை ஒன்றும் செய்யவில்லை, என் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். காண்டீன் செய்தது. அன்று மதியமே சமையல்காரர் அவருக்கு 'நல்லெண்ணெய்' என்று பெயர் வைத்தார். இருபது வருடம் மோப்பமாக இருந்தவர், ஓய்வு பெறும் வரை நல்லெண்ணெயாகவே இருந்தார். ஒரு நாளும் யாரையும் திருத்தவில்லை.

எண்ணெய் போட்டது நான்.