கண்மாய்க்கரை கண்டக்டர்

என் ரத்தக்கொதிப்புக்குக் காரணம் உப்பு என்கிறார் டாக்டர். உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை. கண்டக்டர். இவ்வளவு கோபத்தோடு இத்தனை ஜீவராசிகளுக்குக் குடியிருக்க இடம் கொடுத்த மனிதர் இந்தப் பூமியிலேயே வேறு யாரும் கிடையாது. குன்றாண்டார்கோவில் பக்கம் கண்மாய்க் காற்றுக்கு ஆசைப்பட்டு, அவருக்கு அடுத்த வீட்டைக் கட்டிய மடையன் நான்.

புதுக்கோட்டை, கட்டுமாவடி ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனிக்கட்டை. காக்கிச் சட்டை போய்விட்டது, விசில் போகவில்லை. மயில், உடும்பு, குரங்கு எல்லாமே அவருக்குப் பாஸஞ்சர்தான். வாசல்படியில் மயில் நின்றால், "படியில நிக்காத! அறிவில்ல? உள்ள போ!" என்று கத்துவார். அது உள்ளே போய்விடும். பிறகு, "மயிலை யார் உள்ள விட்டது?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்.

ஒருநாள் துண்டும் கையுமாகக் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே யார் என்று கேட்டேன்.

"சாரை."

"பாம்பா?"

"பின்ன, மச்சானா? யோவ், சீக்கிரம் வெளிய வாய்யா! எனக்கும் அவசரம் இருக்குல்ல!"

நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். திட்டு விழுந்தது எனக்குத்தான். "பாதி வழியில இறக்கிவிட நீங்க யாரு சார்?"

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் அந்த விசில். மத்தியானம் ஒரு விசில் ஊதுவார். பஸ்ஸில் அது வண்டியை நிறுத்தச் சொல்வது. இங்கே குரங்குகளுக்குச் சாப்பாட்டு ஸ்டாப்பிங். கூட்டமாக வந்து சோற்றைத் தின்னும். முடிந்ததும் இரண்டு விசில். ரைட்டு, போகலாம். ஒழுங்காகக் கிளம்பிவிடும். எங்கே? அடுத்த ஸ்டாப்பிங்குக்கு, அதாவது என் வீட்டுக்கு. ஓட்டைப் பிரிக்கும், மாங்காயைக் கடித்து எறியும், டிவி ஒயரை அறுக்கும். போய்க் கேட்டால், "ஒங்க வீட்டுல சோறு வச்சா அதுக ஏன் சார் ஒயரக் கடிக்குது?" என்பார். இந்த மனுஷன் தொலைய வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

சாமி கேட்டுவிட்டது. திருச்சியில் இருக்கும் அவர் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா. ஒரு பிராணியப் பாத்தேன், அன்னைக்கே வீட்டப் பூட்டிட்டு ஒங்கள பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கண்டக்டர் ஆடிப்போனார். வீட்டைக் கழுவிவிட்டார். மரத்தடியில் நின்று குரங்குகளிடம், "ஞாயித்துக்கெழம மட்டும் இங்கிட்டு வந்துராதீங்க" என்றார். அதுகளிடம் அவர் மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஞாயிறு காலை வீடு பளிச்சென்று இருந்தது. மகள் காரைவிட்டு இறங்கி, அப்பாவுக்குப் பிடித்த கேசரி டப்பாவைத் திறந்தாள். மதில்மேல் இருந்து ஒரே ஒரு குரங்கு கையை நீட்டியது. கண்டக்டர் பதறிவிட்டார். ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தியே பழகிய கை என்ன செய்யும்? விசிலை எடுத்து, காது கிழிய ஒரே ஊது.

கரையில் இருந்த மரமெல்லாம் காலி. மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுக்கு இறங்கியது. கேசரி போனது, டப்பா போனது, மகளின் கூலிங் கிளாஸும் போனது.

"கெளம்புங்கப்பா!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

கண்டக்டர் குரங்கைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "சார், பக்கத்து வீட்டுல இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. இங்க மனுஷன் இருக்க முடியுமா?"

பல வருஷமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தேன்.

"கேசரி வாசத்துக்கு வந்துருச்சும்மா. மத்தபடி எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நான் பாத்துக்கிறேன், அப்பா இங்கயே இருக்கட்டும்."

என் கூரையில் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. இருமிச் சமாளித்தேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, அரை மனதாகக் காரில் ஏறினாள் மகள்.

கார் திரும்பியதுதான் தாமதம், கண்டக்டர் பாய்ந்து வந்தார். "ஏன் சார் பொய் சொன்னீங்க? எம்புள்ளைட்டயே பொய்யா? ஒங்கள யாரு சிபாரிசுக்குக் கூப்பிட்டது?"

பொழுது சாயும்வரை திட்டினார். உடைந்த ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். காலையில் அவர் யாரையும் திட்டாமல் பெட்டி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, இந்தத் திட்டுச் சத்தம் இல்லாத கரையில் என்னால் ஒரு நாளும் குடியிருக்க முடியாது என்று.