செயற்கைக்கோளை நம்பாத சந்தேக சேர்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையோரத்தில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே "இவன் ஆரு?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சந்தேக சேர்தான். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பாவனையில் இல்லை.

புத்தளம் களப்பைச் சுற்றி உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கண்டல் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து, எங்கே காடு கூடுகிறது, எங்கே குறைகிறது என்று வரைபடம் போடுவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. சேர் பொறுப்பாளர். நான் கணினிக்கு முன்னால் இருப்பவள். யாரையும் நம்பாத ஒருவரை, வானத்தில் சுற்றுகிற பெட்டியொன்றை நம்பி வேலை செய்யச் சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ வாசலில் நின்றால் சேர் ஒவ்வொரு பாணாக அழுத்திப் பார்ப்பார்.

"இது இண்டைக்குச் சுட்டதா?"

"ஓம் சேர், தொட்டுப் பாருங்க, கை சுடும்."

"நேத்தைய பாணுக்குச் சூடு காட்டியிருப்பாய்."

கடைசியில் பாண்காரர் எங்கள் வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார். "பாத்தியா மகள், மடியில கனம். அதான் நிக்காமப் போறான்" என்றார், என்னை மகளென்றே கூப்பிடும் சேர்.

செயற்கைக்கோளையும் அவர் சும்மா விடவில்லை. அது உண்மையில் எங்கள் ஊருக்கு மேலால்தான் போகிறதா என்று சோதிக்க, மனைவியின் சிவப்புப் பெட்சீட்டைக் கூரையில் விரித்துக் கல் வைத்துவிட்டு வந்தார். அடுத்த படம் வந்ததும் தலையைத் திரைக்குள் நுழைக்காத குறையாகத் தேடினார். எங்களுக்கு வரும் படத்தில் ஒரு வீடே ஒரு புள்ளிதான். பெட்சீட்டுக்கு எங்கே போவது?

"என்ட வீட்டையே காணல்லயே! இது எந்த ஊர்ப் படம்?"

பெட்சீட் வெயிலில் வெளுத்ததற்கு வீட்டில் என்ன தீர்ப்புக் கிடைத்ததோ, இரண்டு நாள் சேர் மதியச் சாப்பாட்டைக் கடையில் எடுத்தார். அந்தக் கறியையும் கிளறிக் கிளறித்தான் சாப்பிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு படத்தில், களப்போரக் கண்டலுக்கு நடுவே கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. கணினி அதைக் காடு அழிந்த இடமென்று குறித்தது. பொட்டு விழுந்த இடம் மீனவர் ரபீக் நானா குடியிருந்து தொழில் செய்யும் கொட்டிலான மீன் வாடிக்குப் பின்பக்கம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். வாடியும் ஒரு வள்ளமும்தான் அவர்களுடைய சொத்து. கண்டலில் கத்தி வைத்தால் வாடி போடும் அனுமதி பறிபோய்விடும். கொழும்பிலுள்ள எங்கள் தலைமை அலுவலகம் படத்தைப் பார்த்துவிட்டு, சேர் கையொப்பம் போட்டால் அனுமதியை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று அறிவித்தது.

சேருக்கு அன்றைக்குப் பெருநாள். "நான் அப்பவே நினைச்ச, அவன்ட சிரிப்பு சரியில்ல" என்று என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வாடியைச் சுற்றிப் புது வேலி நின்றது. சேரின் கண் அதில் குத்திட்டது.

"இந்தக் கம்பெல்லாம் எங்கால?"

"கிளிசிரியா சேர், வேலிக்கு நடுற மரம். மச்சான்ட தோட்டத்தால வந்த" என்றார் ரபீக் நானா.

சேர் ஓர் இலையைப் பிய்த்து மணந்தார். போதாமல் கடித்தும் பார்த்தார். முகம் அஷ்டகோணலாகியது. "கிளிசிரியாதான்" என்றார், ஏதோ நட்டப்பட்டவர் மாதிரி.

பின்பக்கம் போனோம். படத்தில் பொட்டு இருந்த அதே இடத்தில் கண்டல் அடர்த்தியாக, ஒரு கிளைகூடக் குறையாமல் நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. சேருக்கு இல்லை.

"வெட்டிப் போட்டுப் புதுசா நட்டிருப்பான்."

"சேர், மரம் ஒங்கள விட ரெண்டு மடங்கு உசரம்!"

"அதான் எனக்கும் சந்தேகம்" என்று மரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார். மரம் அசையவில்லை. சேர்தான் முழங்கால் வரை சேற்றுக்குள் இறங்கினார். ரபீக் நானா அவரைத் தூக்கி எடுத்தார். ஒற்றைச் செருப்பைக் கண்டல் வைத்துக்கொண்டது.

"சேர், இதுக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது. இத வெட்டிட்டு நான் எதப் புடிக்கிற?" என்று ரபீக் நானா வேரடியைக் காட்டினார். "வாடிய எடுத்தா, புள்ளகளக் கூட்டிட்டு இன்னொருக்கா எங்க போற?"

சேர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு களப்பைப் பார்த்தார். ஒற்றை மேகம் ஒன்று மேலே நகர, அதற்குக் கீழே தண்ணீர் கறுத்து வெளுத்தது.

"மகள், மனுசன் பொய் சொல்லல்ல. மரமும் சொல்லல்ல. அப்ப மிச்சம் ஆரு?"

அலுவலகத்துக்கு ஓடி வந்து படத்தைப் பெரிதாக்கினோம். கணினி ஒரு மேகத்தை அழித்து விட்ட வெற்றிடமும், அதற்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பொட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வடிவம். சேர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மேகத்தையெல்லாம் மென்பொருள் நீக்கிவிடும், படத்தை நம்பிக் கையொப்பம் போடுங்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி.

"மேகத்த நீக்கினீங்க. நிழல நீக்கினீங்களா? நான் என்ட பொஞ்சாதியையே நம்பாத மனுசன். படத்த நம்பி ஒரு குடும்பத்த ரோட்டுல விடுவனா? வேற நாள் எடுத்த படம் வரும் வரைக்கும் என்ட கையொப்பம் வராது!"

தெளிந்த வானத்தில் எடுத்த அடுத்த படத்தில் பொட்டு இல்லை. வாடி தப்பியது. சேர் தானே போய் அதைச் சொன்னார். ரபீக் நானாவின் மனைவி அழுதபோது இவர் அண்ணாந்து கூரையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கலங்கிய கண்ணை மறைக்கத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சேர் இப்போது ஓய்வு பெற்று மதுரங்குளியில் இருக்கிறார். படத்தில் கறுப்பாக ஏதாவது விழுந்தால் நான் உடனே கொழும்புக்கு எழுதுவதில்லை. நேரே அவருடைய வீட்டுக்குத்தான் போகிறேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "ஆரு?"

"நான்தான் சேர்."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பார். எப்போது பார்த்தாலும் என்னோடு அந்த இடத்தைப் பார்க்க வெளிக்கிட்டு, செருப்பும் போட்டபடிதான் நிற்பார்.