சாமந்தித் தொட்டியோடு வீடு கேட்கப் போனவன்

பிரெஞ்சுக்காரர்களிடம் சில வருடங்கள் குப்பை கொட்டியவன் நான். அவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரொட்டிக் கடையில் முதலில் வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டால், கடைக்காரி நம்மைத் திருட வந்தவனைப் போலப் பார்ப்பாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஆபீசில் நுழைந்ததும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி முத்தச் சத்தம் எழுப்ப வேண்டும். (பாப்பிரெட்டிப்பட்டிக்காரன் என்ன செய்வான்? எட்ட நின்றே ஒரு கும்பிடு போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன்.)

அப்போது என் மனைவி செல்வி ஊரில் மாசமாக இருந்தாள். அவளை நான் இருந்த லியோன் நகருக்கு அழைத்துக்கொள்ள விசா வேண்டும். விசாவுக்குக் குடும்பம் தங்கும் அளவில் வீடு காட்ட வேண்டும். எனக்கிருந்ததோ ஒற்றை அறை. "வூடு கெடச்சிருச்சுங்களா?" என்று தினமும் போனில் கேட்பாள்.

கடைசியில் ஒரு கிழவி வீடு தர ஒப்புக்கொண்டாள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தாள்; என்னை நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்து போடுவாளாம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? நவம்பர் தொடக்கம். கடை வாசலெல்லாம் சாமந்தித் தொட்டிகள். எங்கள் தோட்டத்தில் பூக்கிற அதே மஞ்சள் சாமந்தி! ரசனையுள்ள ஜனங்கள்தான் என்று அன்று ஒருநாள் மட்டும் அவர்களைப் பாராட்டினேன். இருப்பதிலேயே பெரிய தொட்டியாக வாங்கினேன்.

கதவைத் திறந்த அவள் மகன் தொட்டியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பூவின் அழகில் சொக்கிவிட்டார் என்று நினைத்து நானே உள்ளே போனேன். கிழவி கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியைத் தலைமாட்டில் வைத்தேன். முத்தத்துக்குப் பயந்து தள்ளி நின்று கைகூப்பினேன். போதாதென்று, அவள் குணமாக வேண்டுமென்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் சாகவில்லை, ஐயா" என்றாள்.

வாசலுக்கு இழுத்துவந்து மகன்தான் விளக்கினார். அங்கே சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூவாம். செத்தவர்களை நினைத்துக் கும்பிடுகிற வாரமாம் அது.

"எங்கள் ஊரில் இதைச் சாமிக்கே போடுவோம்" என்று கெஞ்சினேன்.

"சாமிக்குப் போடுங்கள். என் அம்மாவுக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார்.

வீடு போயிற்று. அடுத்தது கிடைப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மகளின் முகத்தை முதன்முதலில் போனில்தான் பார்த்தேன். ஒரு பூந்தொட்டிக்கு இவ்வளவு தண்டனையா என்று இப்போதும் வயிறு எரிகிறது.

இன்று ஊருக்கே திரும்பிவிட்டோம். நான் பூக்கடையில் நின்றால் போதும், மைத்துனன் சத்தமாகக் கேட்பான்: "யாருக்குங்க மாமா? உசுரோட இருக்காங்களா?" கடையே சிரிக்கும். நானும் அசடு வழியச் சிரிப்பேன்.

செல்வி மட்டும் சிரிக்கமாட்டாள். "சிரிங்க, நல்லா சிரிங்க" என்பாள். "புள்ளைய மொதல்ல கையில வாங்குனது எந்தம்பிதானுங்க."