கிரேன் ஓட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தான் சௌக்கியம், அவருடைய ரத்த அழுத்தம் சௌக்கியம், உன் ஆபீஸில் கழித்துவிட்டார்கள் என்று நீ ஒரு காலத்தில் கொண்டுவந்து இறக்கிய கம்ப்யூட்டரும் சௌக்கியம். என் வலது கட்டைவிரல் மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வயது அல்ல. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நீ சிரித்தால் நான் வைத்துவிடுவேன், வைத்துவிட்டால் நடந்தது உனக்குத் தெரியாமலே போய்விடும். கடிதத்தைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள். ஆனால் கடைசி வரை படி.

உன் அத்தான் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எப்படி இருந்தார் என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. ஆயுசு முழுக்க ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கிய மனுஷன், ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். காபி வேணுமா என்றால் “ம்”. மழை வருதே என்றால் “ம்”. வீடு தீப்பிடித்து எரியுது என்று ஒரு நாள் சும்மா சொல்லிப் பார்த்தேன், அதற்கும் “ம்”தான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் ஒரு கிரேன் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கி அனுப்பினாள். நிஜக் கிரேன் போலவே கம்பி, கொக்கி, கப்பல், கடல் எல்லாம் உண்டாம். அந்தப் பெட்டியின் முதுகில் ‘தனி கிராபிக்ஸ் கார்டு தேவை’ என்று போட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் காலம் கழித்தவள். பெட்டியில் போட்டிருப்பதை மீறி ஒரு மாத்திரை கூடக் கொடுத்ததில்லை. தேவை என்றால் தேவை. உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “அக்கா, அந்த டப்பாவை எடைக்குப் போடு. அதுக்குப் போய் கார்டு வாங்குறது கிழவனுக்குப் பல்லு கட்டுற மாதிரி. புதுசு வாங்கு” என்றாய். கிழவர்கள் பல் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் மெல்லுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன், இந்த டப்பாவிலேயே கிரேனை ஓட வைக்காமல் விடுவதில்லை என்று.

அடுத்த தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வயர்களை விலக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கடைக்காரர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு எதையோ சுட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “கிரேன் ஓட்டணும், அதுக்கு ஒரு கார்டு குடுங்க, விலை குறைச்சலா” என்றேன். மனுஷன் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று காற்றாடி. “மேடம், இது யாரோ கை மாத்தினதுதான், ஆனா புலி” என்றார். “புலி எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள போகுமா?” என்று கேட்டேன். “புலிக்கு எடம் பண்ணித்தான் தரணும்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. புலிக்குத் தீனி போட உங்களிடம் இருக்கும் பவர் சப்ளை காணாது என்று சொல்லி, எழுநூறு வாட் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு சப்ளையையும் தலையில் கட்டினார். கையில் வாங்கும்போதே அது காலி பிஸ்கட் டப்பா போலத்தான் இருந்தது. கனமில்லாத சாமானை ஸ்டோரில் நான் வாங்கியதே கிடையாது, ஆனாலும் விலை மலிவு என்றதும் புத்தி கொஞ்சம் விலகி நின்றுகொண்டது.

வீட்டுக்கு வந்து சிபியு பெட்டியைத் திறந்தால் புலியின் தலை உள்ளே போகிறது, வால் போகவில்லை. ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் தகரக் கூடு குறுக்கே நிற்கிறது. குறுக்கே நிற்பதை நகர்த்தலாம், நகராவிட்டால் அறுக்கலாம் என்று ஆக்சா பிளேடை எடுத்து அந்தக் கூட்டை அறுத்தேன். கூட்டோடு என் கட்டைவிரலும் கொஞ்சம் அறுபட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி அறுத்தேன். புலி உள்ளே படுத்தது. இனி சப்ளை. நம் பெட்டியில் சப்ளைக்கு இருக்கும் இடம் சின்னது, இவன் உடம்பு பெரியது. பரவாயில்லை, வெளியிலேயே உட்காரட்டும் என்று பெட்டியின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் உட்கார வைத்தேன். மதர்போர்டில் இருக்கும் சொருகி ஒரு தினுசு, இவனுடையது இன்னொரு தினுசு, அதற்கு ஒரு இணைப்பு வயர் வாங்க மறுபடி கடைக்கு நடந்தேன். நான் இத்தனையும் செய்கிறேன், உன் அத்தான் ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கிறார். எல்லாம் மாட்டிவிட்டு, கடவுளை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். முக்காலியிலிருந்து நூலாகப் புகை. வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நம் வீட்டோடு மாடி வீட்டிலும் போய்விட்டது. மாடியிலிருந்து அந்தப் பாட்டு வாத்தியார் அம்மா, “யாருங்க அது, என்னங்க பண்றீங்க கீழ?” என்று கத்துகிறார். நான் நடுக்கூடத்தில் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்போதுதான் தம்பி, நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “ம்” இல்லை. முழு வாக்கியம்.

“அது எவ்வளவு தூக்கும்னு பாத்தியா?”

“எழுநூறுன்னு போட்டிருக்குங்க” என்றேன்.

“போட்டிருக்கிறது வேற. தூக்குறது வேற.”

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தவர் மெயின் பெட்டிக்குப் போய் டிரிப்பான சுவிட்சைத் தூக்கிவிட்டார், மாடி அம்மாவிடம் “ஒண்ணுமில்லீங்க, லோடு ஜாஸ்தியாயிடுச்சு” என்று குரல் கொடுத்தார், முக்காலியிலிருந்து அந்தப் பவர் சப்ளையை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் வயிற்றில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படித்தார். எழுநூறு என்பது கண் மூடித் திறக்கும் நேரத்துக்குத்தானாம். நின்று நிதானமாகக் கொடுப்பது அதில் பாதி கூட இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. ஸ்டோர்க்காரி எனக்கு அது கண்ணில் படவில்லை என்பதை நீ உன் மனைவியிடம் சொல்ல வேண்டாம். பழைய சப்ளையைத் திரும்ப மாட்டினோம். கம்ப்யூட்டருக்கு உயிர் இருந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது. “சட்டையைக் குடு” என்றார் உன் அத்தான். வெளியே போவதற்கு அவர் சட்டை கேட்டு எத்தனை காலமாயிற்று தெரியுமா?

கடையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கடைக்காரர் வழக்கம்போல ஆயிரம் வாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். இவர் அதைக் கையில் கூட வாங்கவில்லை. “எத்தனை போட்டிருக்குன்னு சொல்லாதீங்க. நாள் முழுக்க எவ்வளவு தூக்கி நிறுத்தும், அதைச் சொல்லுங்க” என்றார். “சார், கம்ப்யூட்டர் எதையும் தூக்காது சார்.” “கார்டு எவ்வளவு இழுக்கும்?” “புலின்னா நல்லாவே இழுக்கும் சார்.” “புலி வேண்டாம். ஒரு பூனை காட்டுங்க.” இப்படியே பேசிப் பேசி, கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் புலியைத் திருப்பி எடுத்துக்கொண்டார், வெடித்த சப்ளையையும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். நாங்கள் வாங்கியது இரண்டு: தனியாக வயர் எதுவும் கேட்காமல், போர்டு தரும் கரண்டிலேயே ஓடும், ஒற்றைக் காற்றாடி வைத்த, உள்ளங்கையளவு கார்டு ஒன்று. நம் மாதிரிப் பெட்டிக்கென்றே அளவெடுத்த, வாட் குறைவானாலும் கனமான பவர் சப்ளை ஒன்று. “பழசே போதும் சார் இந்தக் கார்டுக்கு” என்று கடைக்காரர் இப்போது நியாயம் பேசினார். “பழசுக்கு வயசாயிடுச்சு. முழு லோடையும் அதுமேல ஏத்தக் கூடாது, கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தான் தூக்கணும்” என்று இவர் ஒரே போடாகப் போட்டார். வீடு வரை பேசிக்கொண்டே வந்தார். நான் “ம்” கொட்டிக்கொண்டே வந்தேன்.

சப்ளை அளவெடுத்தாற்போல உள்ளே உட்கார்ந்தது. கார்டும் சொருகியாயிற்று. அதோடு விட்டாரா? “ஒரு பக்கம்தான் பிடிமானம் இருக்கு, இன்னொரு பக்கம் அந்தரத்துல நிக்குது” என்று சொல்லி, மீன் பிடிக்கும் நைலான் நூலை இரட்டையாக முறுக்கி, கார்டின் மூக்கைப் பெட்டியின் கூரையோடு சேர்த்துக் கட்டினார். கார்டு ஒரு சோப்புக் கட்டி கனம் கூட இருக்காது. அவர் போட்ட முடிச்சு ஒரு லாரியைத் தாங்கும். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கையில் நான் மேசைக்கடியில் புகுந்து மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லா வயரையும் அதனதன் இடத்தில் செருகினேன். சுவிட்சைப் போட்டோம். சத்தமில்லை, புகையில்லை, கரண்ட் போகவில்லை. திரையில் கப்பல் வந்து நின்றது தம்பி! கிரேன் வந்தது! நான் கை தட்டினேன், கட்டைவிரல் வலித்தது.

இவர் கீபோர்டில் கை வைத்தார், எடுத்துவிட்டார். “என்னங்க?” என்றேன். “கீழ ஆளில்ல” என்றார். “எந்த ஆள்?” “சைகை காட்டுற ஆள். சிக்னல்மேன் இல்லாம நான் எந்தக் காலத்துல தூக்கியிருக்கேன்?” விளையாட்டில் அப்படி ஒருவனை அவர்கள் வைக்கவில்லை. விளையாட்டு வந்த பெட்டி முழுக்கத் தேடிப் பார்த்தேன், இல்லை. இத்தனை பாடுபட்டு இங்கே வந்து தோற்பதா? நான் போய் மானிட்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன். “சொல்லுங்க, எப்படிக் காட்டணும்?” என்றேன். அன்றிலிருந்து உன் அக்கா துறைமுக உத்தியோகஸ்தி. காலையில் ஒரு கப்பல், சாயங்காலம் ஒரு கப்பல். கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு, கீழே என்றால் இறக்கு, கையை விரித்து நீட்டினால் நிறுத்து. “கட்டுப் போட்ட வெரல் எப்பவும் மேலயே நிக்குது, நான் எப்பத்தான் இறக்குறது?” என்று சத்தம் போடுகிறார். இடது கையைக் காட்டச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த மாடி அம்மா, எனக்கு ஏதாவது வைத்தியம் நடக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார். நடக்கிறது என்று சொன்னேன்.

ஆகவே தம்பி, இதனால் உனக்குத் தெரியப்படுத்துவது என்னவென்றால், எடைக்குப் போடச் சொன்ன டப்பா இன்று கப்பல் கப்பலாக இறக்குகிறது. அதற்குக் காரணம் சரியான கார்டும் சரியான சப்ளையும். இரண்டையும் பொறுக்கி எடுத்தது நாங்கள். தனி கார்டு இல்லாமல் இந்தக் கிரேன் அரை அங்குலம் அசைந்திருக்காது என்பதை உன் ஆபீஸில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள். இனி யாராவது வயதான அக்கா உன்னிடம் யோசனை கேட்டால், மீட்டிங் என்று வைக்காதே.

நீ நூறு வயது இருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, குனிந்த முதுகு நிமிர்ந்து வாழ அக்காவின் ஆசீர்வாதம். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம். உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நிஜமாகவே வாயைத் திறந்து கேட்டார்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இதை எழுதிய அன்றைக்கே உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். மேசைக்கடியில் பெருக்கிவிட்டு வந்து ஒட்டலாம் என்று போனேன். குனிந்து பார்த்தால், மானிட்டர் வயர் போர்டிலிருக்கும் பழைய ஓட்டையில் செருகியிருக்கிறது. புதுக் கார்டின் ஓட்டையில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கிறது. அதாவது இத்தனை கப்பலும் கார்டே இல்லாமல் இறங்கியிருக்கின்றன. கார்டு உள்ளே கயிற்றில் தொங்கிக்கொண்டு வெறுமனே காற்றாடி சுற்றியிருக்கிறது. தப்பைத் திருத்தாமல் விடுபவளா நான்? மூடியைப் பிடுங்கிவிட்டு வயரைக் கார்டில் செருகினேன். படம் என்றால் படம், அப்படி ஒரு படம்! அதுவரை தகடு மாதிரிக் கிடந்த கடலில் அலை எழும்புகிறது, மேகம் ஓடுகிறது, கப்பல் கொடி படபடவென்று அடிக்கிறது. உன் அத்தான் வந்து உட்கார்ந்தார், கொடியையே பார்த்தார். “காத்து அதிகமா இருக்கு. இந்தக் காத்துல கிரேனைத் தொட்டா ஜெயிலுக்குள்ள தூக்கி வெச்சிடுவான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் அதே காற்று. அதற்கடுத்த நாளும் அதே காற்று. காபி வேணுமா என்று கேட்டேன். “ம்” என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் மேசைக்கடியில் புகுந்து, வயரைப் பழைய ஓட்டையிலேயே திரும்பச் செருகி, கார்டுக்கு மூடியையும் போட்டுவிட்டேன். “என்னங்க, காத்து நின்னுடுச்சு, வாங்க” என்று கூப்பிட்டேன். வந்துவிட்டார். இதை நீ அவரிடம் மூச்சு விடக் கூடாது. மீதியை அப்புறம் எழுதுகிறேன், என் இடது கைக்காக ஒரு கன்டெய்னர் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.