இருபத்து நாலு டிகிரிக் குழந்தை

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் சின்ன மருமகள் பணிவுடன் எழுதுவது. ஊரே தூங்குகிற நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். கையெழுத்து கோணினால் அது மரியாதைக் குறைவு இல்லை, தூக்கம். இங்கே நானும் உங்கள் மகனும் சில்வண்டும் நலம். (பிள்ளை கத்துகிற கத்தலுக்கு அந்தப் பேரை வைத்ததே நீங்கள்தான்.) அங்கே பெரிய மகன் வீட்டில் உங்கள் முழங்கால் வலி எப்படி? போனிலேயே கேட்கலாம்தான். நீங்கள் எடுப்பதில்லை. ஒரே நாளில் பதினேழு தடவை கூப்பிட்டவளின் போனை, நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

அன்றைக்கு நடந்ததை உங்கள் மகன் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் ரெண்டு வரி. அதில் என் பக்கம் ஒரு வரிகூட இருக்காது. அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் வேலை, வெள்ளித்துகள் கலந்த மையால் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் கோடு அச்சடிப்பது. அந்தக் கோட்டில் மின்சாரம் ஓடும். ஆனால் மை காய்ந்தால் மட்டும் போதாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஆளுக்கொரு மேல்பூச்சைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நூற்று முப்பது டிகிரியில் இருபது நிமிஷம் ஓவனில் சுட்டால்தான் அது கழன்று, துகளும் துகளும் சேரும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் தாள் சுருண்டுவிடும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான்.

அந்த நான்தான், சில்வண்டுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே தெரியட்டும் என்று உடம்புச் சூட்டைப் போனில் காட்டுகிற பட்டை ஒன்றை அச்சடித்து, ஓவனில் வைத்து, நீங்கள் அஞ்சரைக்குள் வரச் சொன்னீர்களே என்று (குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்) எட்டே நிமிஷத்தில் எடுத்து, தொட்டுப் பார்த்து, காய்ஞ்சிருக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உங்களிடம் சொல்லாமல் பிள்ளையின் சட்டை மடிப்பில் வைத்துத் தைத்தேன். சொல்லாதது முதல் தப்பு.

மறுநாள் பத்து மணிக்கு, நான் வேலையில் இருக்கும்போது, போனில் எண் முப்பத்து நாலு என்றது. உங்களைக் கூப்பிட்டு ஸ்வெட்டர் போடச் சொன்னேன், போட்டீர்கள். முப்பத்தொன்று. குல்லா போடச் சொன்னேன். இருபத்தொன்பது. கம்பளியில் சுற்றி ஜன்னல் வெயிலில் வைக்கச் சொன்னபோது, "புள்ள சூடாத்தாம்மா இருக்கான், தொட்டுப் பாத்துட்டேன்" என்றீர்கள். அதற்கு நான், "தொட்டாலெல்லாம் சரியாத் தெரியாதுங்க அத்தை" என்றேன். எட்டு நிமிஷத்தில் தொட்டுப் பார்த்து எடுத்தவள் சொன்ன வார்த்தை அது. எழுதும்போதே கூசுகிறது.

மத்தியானம் இருபத்து நாலு. போனைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடி, சார், குழந்தை இருபத்து நாலு டிகிரிக்கு வந்துட்டான், லீவு வேணும் என்றேன். அவர் நிதானமாகப் பார்த்தார். "ரூமே இருபத்தெட்டு இருக்கேம்மா. எத்தனை நிமிஷம் சுட்டே?" என்றார். எட்டு என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அரைவேக்காட்டுக் கோடு கதகதப்பு கிடைத்தால் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வேகும். வேக வேக மின்தடை இறங்கும். அது இறங்கினால், உடம்பு குளிர்கிறது என்று பட்டை கணக்குப் போடும். நீங்கள் போர்த்தப் போர்த்த எண் இறங்கியது, எண் இறங்க இறங்க நான் இன்னும் போர்த்தச் சொன்னேன். எல்லாம் புரிந்தது. ஆனால் மண்டைக்குப் புரிந்தது காலுக்குப் புரிவதற்குள் அது கேட்டைத் தாண்டியிருந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் மூணு ஸ்வெட்டருக்குள் சில்வண்டு தக்காளி மாதிரி சிவந்து கத்துகிறான், நீங்கள் விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மன்னிப்புக் கேட்காமல் நேராகச் சட்டை மடிப்பைப் பிரித்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்தப் பட்டையே புள்ளையப் பாத்துக்கட்டும்" என்று பெட்டியை எடுத்தீர்கள். நியாயம்தான். நான் அன்றைக்குச் சோதித்தது பிள்ளையை இல்லை, உங்களை என்று நீங்கள் நினைத்தீர்கள். சத்தியமாக இல்லை அத்தை. எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை, அதைத்தான் அச்சடித்துச் சுட்டேன்.

திங்கட்கிழமையோடு என் லீவு தீர்கிறது. நீங்கள் வந்தால் வேலைக்குப் போவேன், வராவிட்டால் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். வேறு ஆளிடம் சில்வண்டை விட மனசு வரவில்லை. பட்டையைக் குப்பையில் போட்டாயிற்று. இனி இந்த வீட்டில் யாரையும் எதைக் கொண்டும் அளக்க மாட்டேன். உங்கள் கை சொன்னால் சரி.

பெரியவருக்கும் அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூணு பேருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மருமகள்

பி.கு.: குப்பையில் போட்டது பழைய பட்டை. லீவில் இருந்தாலும் முந்தாநாள் ஓவன் வரைக்கும் போய், புதிதாக ஒன்றை இருபது நிமிஷமும் பக்கத்திலேயே நின்று சுட்டு எடுத்து வந்தேன். பிள்ளைக்குப் போடவில்லை. உங்கள் மகனின் பனியனில் தைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. நேற்று முழுக்க முப்பத்தாறரையில் ஆடாமல் அசையாமல் நின்றது. இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது முப்பத்தேழரை. இப்போது முப்பத்தெட்டைத் தாண்டிவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு அவருடையதா என் கையினுடையதா என்று தெரியவில்லை. எழுப்பிக் கேட்டால் பனியன் விஷயம் வெளியே வந்துவிடும். சீக்கிரம் பதில் போடுங்கள்.