கறுப்புப் பைக்குள் ஒரு மாமா

திருடனை நிறுத்தலாம். குடிகாரனைக்கூட ஒரு அதட்டு அதட்டி உட்கார வைக்கலாம். நல்லது செய்யக் கிளம்பியவளை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. அப்படிக் கிளம்பியவள் நான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெர்மாஸ் ஜெயாவில். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடல். கடல் என்றதும் வெள்ளை மணலும் தென்னை மரமும் நினைத்துவிட வேண்டாம். சேறு, சேற்றில் கால் பரப்பி நிற்கும் கண்டல் மரங்கள் (எங்கள் பக்கம் ‘பாக்காவ்’ என்றால்தான் புரியும்), எதிரே சிங்கப்பூர். அந்த மர வேர்களில் உலகத்துக் குப்பையெல்லாம் வந்து மாட்டிக்கொள்ளும். ஒற்றைச் செருப்பு, பாட்டில், சாப்பாடு கட்டும் போம் பெட்டி, ஒரு தடவை ஐஸ்பெட்டியின் கதவு. பார்க்கப் பொறுக்காமல் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங் ஆரம்பித்தோம். ஊர் கூடி வேலை செய்வதற்கு இங்கே அதுதான் பேர்.

சாதாரண ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன். சீக்கிரமே தலைவி மாதிரி ஆகிவிட்டேன். யாரும் ஓட்டுப் போடவில்லை. கையில் ஒலிபெருக்கி இருந்தது, அவ்வளவுதான். (வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர் சேகர். “வீட்டுல கத்துறதை அங்க போய்க் கத்து” என்கிற நல்ல எண்ணம்.)

என் ஆத்திரமெல்லாம் நம் ஆட்கள் கொண்டுவந்து போடும் சாமி சாமான்மேல்தான். கண்ணாடி உடைந்த சாமி படம், பிளாஸ்டிக் தட்டோடு பூ, திருவிழா முடிந்ததும் மஞ்சள் துணி கட்டிய பானை. வீட்டுத் தொட்டியில் போட்டால் பாவம், கடலில் போட்டால் புண்ணியம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! எங்கள் கூட்டத்தில் நோரா என்று ஒரு மலாய்த் தோழி. பிள்ளையார் படம் கையில் கிடைத்தால் எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு இருக்கும் மரியாதை போட்டவனுக்கு இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம். என்ன கிடக்கும் என்று தெரிந்தே போனேன். ஒலிபெருக்கியைத் தூக்கினேன்.

“துணி கட்டியிருக்கா, பூ போட்டிருக்கான்னு யாரும் பாக்காதீங்க! குப்பைன்னா குப்பைதான்! எடுத்துப் பையில போட்டுக்கிட்டே இருங்க!”

கை தட்டினார்கள். சேகர் மட்டும் தட்டவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

கொஞ்ச நேரத்திலேயே நான் நாலைந்து பானைகளைப் பிடித்துவிட்டேன். அடுத்தது கரைமேல் ஒரு பெரிய மரத்தடியில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்திருந்தது. வாயில் மஞ்சள் துணி, கழுத்தில் மல்லிகைச் சரம். பூ வாடக்கூட இல்லை. அறிவிருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பேன். எனக்கோ அறிவைவிட வேகம் அதிகம். தூக்கினால் கனமாக இருந்தது. “மண்ணை அள்ளிப் போட்டு வச்சிருக்காங்க பாரு, வேலையத்தவங்க” என்று திட்டிக்கொண்டே கறுப்புப் பைக்குள் இறக்கினேன். மேலே நாலு செருப்பு, ஏழெட்டு பாட்டில். முடிச்சுப் போட்டேன். சேகர் தூக்கிப் போய், குப்பை லோரி வரும் சடக்கு ஓரத்தில் மற்றப் பைகளோடு அடுக்கினார்.

அப்புறம் தேநீர். நான் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா வந்தார். கண்கள் அழுது வீங்கியிருந்தன. கையில் கற்பூரப் பொட்டலம். அந்தப் பெரிய மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து வேருக்கடியில் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“இங்க ஒரு பானை இருந்துச்சே, பாத்தியாம்மா?”

“பானையா? அதெல்லாம் எடுத்துக் கிளீன் பண்ணிட்டோம்! இங்கல்லாம் அப்படிப் போடக் கூடாதும்மா. கடல் நம்ம வீடு மாதிரி.” (விரலை வேறு ஆட்டிச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.)

அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. “போடலம்மா, வச்சிட்டுப் போனேன். கற்பூரத்தை நாங்க வந்த காடியிலேயே மறந்துட்டேன். இங்கேயே இருங்க, வந்துடுறேன்னு அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

“யாருகிட்ட?”

“எங்க வீட்டுக்காரருகிட்ட.”

நான் பெரிய புத்திசாலி, சுற்றுமுற்றும் ஒரு ஆம்பளையைத் தேடினேன். யாரும் இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கற்பூரத்தைப் பார்த்தேன். கையில் தூக்கிய கனம் ஞாபகத்துக்கு வந்தது.

அலமாக்! தேநீரைக் கீழே வைத்தேன்.

அவர் பேர் பாக்கியம். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்திருந்தார். முந்தின நாள்தான் தகனம். அவர் வீட்டுக்காரர் லீவு கிடைத்த நாளெல்லாம் இந்தக் கரையில் வந்து தூண்டில் போட்டவராம். சாம்பலை இங்கேதான் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பொம்பளைங்க வரக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்திருக்கிறார்கள். “கூடவே குடும்பம் நடத்துனவ நான். கொண்டுபோய் விடுறதும் நான்தான்” என்று சண்டை போட்டுக் கிளம்பி வந்திருக்கிறார். மகன் குமரன் படகுக்காரரைக் கூப்பிடப் போயிருந்தான். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. முழுக்க இறங்கினால் கரை வெறும் சேறு, படகு கிட்டே வர முடியாது. அந்த மனுஷரை வழியனுப்ப அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அந்தக் காலை ஒன்றுதான். அதைத்தான் நான் முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

அப்போது பார்த்துச் சடக்குப் பக்கம் லோரி பின்னால் வரும் பீப் பீப் சத்தம்.

ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போனது, இன்னும் கொஞ்சம் ஓடியதும் அடுத்தது போனது. லோரிக்காரப் பெரியவர் பாதிப் பைகளை மேலே வீசிவிட்டிருந்தார். நல்லவேளை, திறந்த லோரி. “பாக்சிக்! துங்கு! துங்கு!” என்று மலாயில் நிற்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினேன். மனுஷர் பயந்து போய்க் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். (உள்ளே ‘கிளிங்’ என்றது. எனக்கு உயிர் போய் வந்தது. பாட்டில்தான்.)

“எல்லாரும் ஓடியாங்க! பையெல்லாம் அவுத்துப் பாருங்க!”

“என்னா தேடுறோம்?” என்று தூரத்திலிருந்து ஒரு குரல்.

பாக்கியம் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். சாம்பல் என்று அவர் முன்னால் எப்படிக் கத்துவேன்? வாயில் வந்தது அப்படியே ஒலிபெருக்கி வழியாகப் போனது.

“மாமாவைத் தேடுறோம்!”

இரண்டு பேர் உடனே கடலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். “மாமா என்னா சட்டை போட்டிருந்தாரு?” என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் கேட்கிறார்.

“மஞ்சத் துணி!” என்றேன். வேறு என்ன சொல்ல?

நோரா லோரிக்காரரிடம் போய் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அவர் எஞ்சினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மேலே ஏறி, கொஞ்சம் முன்பு வீசிய பைகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் இறக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாப் பையும் ஒரே கறுப்பு. எது என் பை என்று எப்படித் தெரியும்? அவிழ்க்கிறேன், கொட்டுகிறேன், குழந்தை நாப்கின். அவிழ்க்கிறேன், கொட்டுகிறேன், போம் பெட்டி. காலையெல்லாம் பொறுக்கியதை நானே திரும்பச் சடக்கில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்திவிட்டார்.

“அத்தை, நீங்க தொடாதீங்க, நான் பாக்குறேன்.” அத்தை என்பது தானாக வந்தது.

“நான் தேடாம யாரும்மா தேடுவா?” என்றார்.

அந்நேரம் குமரன் ஓடி வந்தான். நல்ல வாட்டசாட்டமான பையன். “அம்மா, தண்ணி எறங்குது, படகுக்காரரு கத்துறாரு! அப்பா எங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சேகர்கூட என்னைத்தான் பார்த்தார்.

“அப்பா இங்கதான் இருக்காரு தம்பி,” என்றேன். “எந்தப் பையின்னுதான்...”

அவனுக்குப் புரிந்து, முகம் சிவந்து, வாயைத் திறப்பதற்குள் அத்தையிடமிருந்து ஒரு சத்தம். அவர் அவிழ்த்த பையில் நாலு செருப்புக்கு நடுவில் மஞ்சள் துணி. முடிச்சு அவிழவில்லை. பானையில் ஒரு கீறல் இல்லை. மல்லிகைச் சரம் மட்டும் ஒரு பாட்டிலில் சுற்றிக் கிடந்தது.

பானையை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் துடைத்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றேன்.

“எங்க வீட்டுல ஓட்டை வாளியைக்கூடத் தூக்கிப்போட விட மாட்டாரு இந்த மனுஷன்,” என்றார் மெதுவாக. “எல்லாம் ஒரு நாளைக்கு ஒதவும்பாரு. கடைசியில அவரையே தூக்கிப் போட்டுட்டியேடி!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. தகனம் முடிந்ததிலிருந்து, சொந்தக்காரர்களோடு போட்ட அந்தச் சண்டையைத் தவிர, அம்மா வாயே திறக்கவில்லை என்று குமரன் பிறகு சொன்னான். அப்போது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

படகில் ஏறும்போது பானையை என்னிடம் நீட்டினார். “நீயே பிடி. இனிமே நீ விடமாட்ட.”

வெறுங்காலோடு, சேறோடு நானும் ஏறினேன். பானையை அணைத்துப் பிடித்ததில் கை மரத்துப் போய்விட்டது. நடுத் தண்ணீரில் அம்மாவும் மகனும் சாம்பலைக் கரைத்தார்கள். வெறும் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதைக் கடல்ல விடலாமா? இல்ல, ஏசுவியா?”

“மண்ணுதானே அத்தை, விடுங்க” என்றேன். மஞ்சள் துணியை மட்டும் அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். உயிரோடு ஒரு தடவைகூடப் பார்க்காத அந்த மனுஷருக்காகப் படகில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் நான்தான்.

அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் வந்தது. துணி கட்டியது எதுவானாலும், “யாரோடதுங்க இது?” என்று உரக்கக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கூட்டத்தில் இருக்கும் சீனர்களும் அதைத் தமிழிலேயே கேட்கிறார்கள்.

பெரிய மழை பெய்தால் மறுநாள் காலை அத்தையின் போன் வந்துவிடும். மழையோடு ஆற்றுக் குப்பையெல்லாம் கரைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். “மாமா இருக்கிற எடம் சுத்தமா இருக்காம்மா?” முதல் தடவை கேட்டபோது படுக்கையில் கிடந்துகொண்டே “இருக்கு அத்தை” என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் படுக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பொறுக்கிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம், “இருங்க, போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்” என்கிறேன். சேகர் இதற்கு ‘மாமா வீட்டுக்குப் போறது’ என்று பேர் வைத்துவிட்டார். ஒருநாள் ஆயர் ஈத்தாமிலிருந்து என் அம்மா போன் பண்ணியபோதும் அப்படியே சொல்லியிருக்கிறார். வீடு திரும்பியதும் எனக்கு விசாரணை: “எனக்குத் தெரியாம எந்த மாமாடி உனக்கு?”

போன மாதம் குமரன் கல்யாணம். அத்தை என் கையைப் பிடித்து மண்டபம் முழுக்க இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மேசையிலும் நின்று, “எங்க வீட்டுக்காரரைக் குப்பையில போட்டவ இவதான்” என்று அறிமுகப்படுத்தினார். பெண் வீட்டாருக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை விடவில்லை.

“இப்ப அவரை இவதான் பாத்துக்குறா” என்றார்.