போனில் பழகிய யானை ஆட்டம்

எனக்கு இடது வலது தெரியாது என்று எங்கள் குடும்பம் முழுக்க நம்புகிறது. தெரியும். பத்து வருடமாகக் கட்டாரில் லொறி ஓட்டுகிறேன், தெரியாமல் ஓட்ட முடியுமா? (முதல் வாரம் எதிர்ப்பக்கத்தில் ஓட்டியது வேறு கதை.)

எல்லாம் மகள் மெலனி நாலு வயதில் படித்த கட்டுகஸ்தோட்டை முன்பள்ளியின் மிருக விழாவால் வந்தது. பாட்டு, ஆட்டம், அட்டை முகமூடி என்று ஒரே அமர்க்களம். அவள் வகுப்புக்கு யானை ஆட்டம். ஒவ்வொரு குட்டிக்கும் பக்கத்தில் அதன் அப்பா ஆட வேண்டும். வருகிறேன் என்று போனில் சத்தியம் பண்ணிவிட்டேன். ஒரு மாதம், வேலை முடிந்து வந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைப்பேன். அங்கே அவள் ஆடுவாள், இங்கே அவளைப் பார்த்து நான் ஆடுவேன். அறையில் கூட இருந்தவர்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழிவிட்டார்கள்.

லீவில் வீட்டுக்கு வந்தால், மெலனி என் மனைவி ரீட்டாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். போனில் அவ்வளவு கதைத்தவள் நேரில் கிட்டவே வரவில்லை. கடைசியில் குசினிக்குள், அடுப்புப் பக்கம் போய் அங்கிருந்து வீடியோ கோல் எடுத்தேன். உடனே முகம் மலர்ந்தது.

"அப்பா, எப்ப வருவீங்க?"

எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. அவள் கையை ஒரு தரம் பிடித்தால் போதும் என்று ஏங்கினேன்.

விழாவன்று, நான் காலில் போட்ட பழைய மேஸில் பஞ்சு அடைத்து, மெலனி சாம்பல் நிறம் பூசிய தும்பிக்கை ரெடி. பெயின்ட் காயவில்லை, பாதி என் உதட்டில். ஒவ்வொரு அப்பாவும் முன்னால் நிற்பவரின் கயிற்று வாலைப் பிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் பேக்கரி ரிஸ்வான் நானா. பாட்டு தொடங்கியது. எல்லா யானையும் வலது பக்கம் திரும்ப, நான் மட்டும் கம்பீரமாக இடது பக்கம் திரும்பினேன். ஒரு மாதம் அவளை எதிரே பார்த்துப் பழகியவன் அல்லவா? அவள் வலது, எனக்கு இடது. பக்கத்தில் நின்று ஆடினால் அது மாறும் என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை.

நானா வாலை பெல்ட்டில் கட்டியிருந்தார் போல. வாலோடு காற்சட்டையும் கொஞ்சம் வந்தது.

"யா அல்லாஹ், விடுங்க தம்பி!"

விட்டேன். விட்ட வேகத்தில், மேடையில் நிறுத்தியிருந்த அட்டைக் காட்டின் மேல் விழுந்தேன். மரங்கள், ஒரு மயில், நீலத் துணியில் செய்த மகாவலி ஆறு எல்லாம் என் மேல். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மெலனி ஓடி வந்தாள். என் முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் இல்லப்பா! மத்தப் பக்கம்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

பெயின்ட் ஒட்டிய சின்னக் கை. நான் எழும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். (பலமான அடி என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள்.)

அன்றிலிருந்து வீட்டில் யார் எதைப் பிழையாகச் செய்தாலும் "மத்தப் பக்கம்"தான். ரீட்டா தேத்தண்ணியில் உப்பைப் போட்டாலும் அதேதான். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஒரு இடத்தைத் தவிர. ஒவ்வொரு லீவு முடிவிலும் கட்டுநாயக்கா எயார்போட்டில் நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, பின்னாலிருந்து மெலனி கத்துவாள்:

"அப்பா, மத்தப் பக்கம் திரும்புங்க!"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பத்தான் முடிவதில்லை.